உறையின் மூன்றாவது வரி

எனக்கு எழுத்து ஓடாது. ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்தை எழுதித் தரச் சொல்லி ரீச்சர் ஒரு கொப்பியும் பேனையும் தந்துவிட்டுப் போனார். கொப்பி இரண்டு மாதம் மேசையில் கிடந்தது.

கொக்கோவை எத்தனை நாள் புளிக்க வைப்பது, எத்தனை நாள் காய வைப்பது என்பதெல்லாம் கொட்டில் சுவரில் ஒட்டியிருக்கிறது. அதை நான் எழுதத் தேவையில்லை. சுவரில் இல்லாத ஒன்றை எழுதுகிறேன். நான் விட்ட பிழை. ஒரு பிழை என்று நினைத்துத்தான் தொடங்கினேன். எழுத எழுத இரண்டாகிவிட்டது.

உன்னிச்சையிலிருந்து கொக்கோ வாளிகளோடு வருகிற லத்தீபை உங்களுக்குத் தெரியும். பகிடி விட்டு, சிரிக்க வைத்துக்கொண்டே இறக்குவார். அவர் இடையில் இரண்டு வருஷம் ஊரில் இல்லை. அவருடைய கடைசி மகள் பேசத் தொடங்கியது அந்த இரண்டு வருஷத்துக்குள்தான். அவர் போனதற்கு நான் காரணம்.

நான் நெல்லுக்காரன். வவுணதீவில் ஒரு மில்லில் முப்பது வருஷம் நெல் அவித்துக் காய வைத்தேன். ஒரு மணியைப் பல்லுக்கிடையில் வைத்துக் கடித்தால் போதும், இன்னும் எவ்வளவு வெயில் வேண்டும் என்று சொல்லுவேன். வயல் சொந்தக்காரப் போடிமார் என் பல்லை நம்பித்தான் மூடை கட்டினார்கள். முழங்கால் பிடித்து, மூடை தூக்க ஏலாமல் போனதும் மில்லை விட்டேன்.

அந்த நேரம்தான் தேற்றாத்தீவில் ரீச்சர் சொக்கலேட் செய்யத் தொடங்கியிருந்தார். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவர். காய வைக்கத் தெரிந்த ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். தட்டில் கொக்கோக் கொட்டை கிடந்தது. ஒன்றை எடுத்துக் கடித்தேன்.

"அண்ணன், என்ன செய்யிறீங்க?"

"காய்ஞ்சிட்டுதா எண்டு பார்க்கிறன்."

"இது நெல்லு இல்ல."

அது எனக்கு அதற்குள் தெரிந்துவிட்டது. அன்றைக்கு முழுக்க வாய் கசந்தது. சோறு கசந்தது, தண்ணீரும் கசந்தது. ஆனாலும் வேலை கிடைத்தது. ஒரு பிடி கொட்டையைக் கைக்குள் வைத்து நெரித்து, காதுக்குக் கிட்டப் பிடிக்க ரீச்சர் காட்டித் தந்தார். காய்ந்த கொட்டை சத்தம் போடும். ஈரமானது பேசாது. ஒரு மாதத்தில் என் காது பழகிவிட்டது.

இன்னொன்றும் அந்த முதல் மாதமே படித்தேன். என் வெற்றிலைப் பையைக் கொட்டை மூடைக்கு மேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். பையில் புகையிலையும் இருந்தது. அந்த மூடையில் செய்த சொக்கலேட்டை ரீச்சர் வாயில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அண்ணன், வெத்திலை போடுறீங்களா?"

"ஓம்."

"இந்த சொக்கலேட்டும் போட்டிருக்கு."

கொக்கோக் கொட்டைக்குள் பாதிக்குமேல் கொழுப்பு. கொழுப்பு பக்கத்தில் இருக்கிற எந்த மணத்தையும் பிடித்துக்கொள்ளும், பிடித்ததை விடாது. இதைக் கவனமாக வாசியுங்கள். எனக்கு இது தெரியும். தெரிந்த பிறகுதான் பிழை விட்டேன்.

எங்கள் சொக்கலேட் உறையின் பின்பக்கம் பார்த்திருப்பீர்கள். மூன்று வரி. இடம், வளர்த்தவர், உலர்த்தியவர். ஒரு தோட்டத்துக் கொட்டையை இன்னொரு தோட்டத்தோடு சேர்ப்பதில்லை. மாத்தளைத் தோட்டம் என்றால் மாத்தளைத் தோட்டம் மட்டும்தான். மூன்றாவது வரியில் என் பேரைப் போடப் போகிறேன் என்று ரீச்சர் சொன்னபோது எனக்குக் கூச்சமாக இருந்தது.

"எனக்கென்னத்துக்கு ரீச்சர் பேர்? நான் கவனமாத்தானே காய வைக்கிறன்."

"அப்ப பேர் கிடந்தா உங்களுக்கென்ன?"

பேரைப் போட்டுவிட்டார்.

எல்லாக் கொட்டையும் வெளியிலிருந்துதான் வந்தது. மாத்தளை, மொனராகலை. எங்கள் மாவட்டத்துக் கொக்கோவில் ஒரு கட்டியாவது செய்ய வேண்டும் என்பது ரீச்சருடைய ஆசை. இந்தச் சூட்டுக்கு அது வராது என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

லத்தீப் மட்டும்தான் கன்று வைத்தார். ஊர் காத்தான்குடி. உன்னிச்சையில் வாய்க்கால் ஓரம் அவருடைய வாப்பாவின் காணி. சண்டைக்காலத்தில் விட்டுவிட்டுப் போன காணி. கட்டாரில் லொறி ஓட்டிவிட்டு வந்தவர், அங்கே வீடு கட்டி, தென்னைக்குக் கீழே வாழை வைத்து, வாழைக்குக் கீழே கொக்கோ வைத்தார். கச்சான் என்கிற வறண்ட மேல்காற்று வீசும்போது கொக்கோ இலை ஒரே நாளில் கருகும். ஒவ்வொரு கன்றுக்கும் மூன்று பக்கம் தென்னோலைக் கிடுகு கட்டினார். வாய்க்காலில் தண்ணீர் விடாத மாதங்களில் அவரும் மனைவி ஜெமீலாவும் வாளியால் ஊற்றினார்கள். ஒரு வருஷம் யானை வந்து இரண்டு வரிசையை மிதித்துவிட்டுப் போனது.

"யானை கொக்கோவைத் தின்னுமா தம்பி?" என்று கேட்டேன்.

"தின்னாது அண்ணன். தின்டாப் பரவாயில்ல, ருசி தெரிஞ்சவன் எண்டு விடலாம். சும்மா மிதிச்சிட்டுப் போறான்."

இப்படி நாலு வருஷம். ஐந்தாம் வருஷம் மாரியோடு நிறையக் காய்த்தது. காய் வெட்டுவதற்கு முன்னம் ஒரு நாள் எங்கள் கொட்டிலுக்கு வந்தார். சேட்டுப் பையிலிருந்து ஒரு கடுதாசியை எடுத்துக் காட்டினார். கட்டாரில் பழைய கம்பனி திரும்பக் கூப்பிட்டிருந்தது.

"இந்த முறை ரீச்சர் ஓம் எண்டா நான் இரிக்கன் அண்ணன். இல்லாட்டிப் போறன். இன்னும் ஒரு வருஷம் சும்மா தண்ணி ஊத்தேலா."

"ஜெமீலா என்ன சொல்லுறா?"

"அவ கொக்கோ மரத்தோட பேசிக்கொண்டு திரியிறா. என்னோட பேசல்ல."

ரீச்சர் ஓம் என்றால் 'உன்னிச்சை' என்று ஒரு உறை அடிப்போம். அவர் மரத்தோடு இருப்பார். இல்லை என்றால் விமானம். அவ்வளவுதான் விஷயம். இதைத் தெரிந்துகொண்டுதான் நான் அவருடைய கொட்டையைப் பொறுப்பெடுத்தேன்.

அந்த நேரம் பார்த்து ரீச்சருடைய அம்மாவுக்குக் கொழும்பில் கண் ஒபரேசன். பதினைந்து நாள் வரமாட்டேன் என்றார். போகும்போது ஒன்று சொன்னார்.

"சந்தேகம் வந்தா போனில கோல் எடுங்க அண்ணன். எந்த நேரமெண்டாலும்."

"என்ன சந்தேகம் வரப்போகுது?" என்றேன்.

லத்தீப் இரண்டு தடவையாகக் கொட்டை கொண்டுவந்தார். இரண்டு பெட்டி நிறையப் புளிக்க வைத்தோம். முதல் பெட்டி வெளியே வருகிற நாளில் மழை தொடங்கியது. மட்டக்களப்பு மாரி உங்களுக்குத் தெரியும். வாவிக்கும் வீதிக்கும் வித்தியாசம் தெரியாது. கொட்டையைக் கூரைக்குக் கீழே தட்டிகளில் பரப்பினேன். கிண்டினேன். வெயில் இல்லை, காற்றிலும் ஈரம். நாலாம் நாள் காலையில் பார்த்தால் வெள்ளையாகப் பூஞ்சணம். சாம்பல் தூவினது மாதிரி.

நெல்லில் பூஞ்சணம் பிடித்தால் அது வளர்க்கிற தாராவுக்குத் தீனிதான். என் கண் அப்படிப் பழகியது. ஒரு கொட்டையை வெட்டிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ரீச்சரைக் கூப்பிடவும் இல்லை. போன் சேட்டுப் பைக்குள்தான் இருந்தது. முப்பது வருஷம் காய வைத்தவன் மூன்றே நாளில் பூஞ்சணம் பிடிக்க விட்டுவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? லத்தீபைத்தான் கூப்பிட்டேன்.

"முதல் பெட்டி சரிவராது தம்பி. கொண்டுபோய் மரத்தடியில போடு. பசளையாகும்."

அவர் வந்தார். தட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். மூடையில் அள்ளினார். பகிடி இல்லாத லத்தீபை அன்றைக்குத்தான் கண்டேன்.

இரண்டாவது பெட்டி மறுநாள் வெளியே வர வேண்டும். பெட்டிக்குள் மேலும் விட்டால் அழுகிவிடும். தட்டியில் போட்டால் முதலாவதுக்கு நடந்தது நடக்கும். அப்போது எனக்கு என் பழைய மில் ஞாபகம் வந்தது. மாரியில் நெல்லுக் காய வைக்க அங்கே ஒரு தொட்டி இருக்கிறது. கீழே உமி எரிப்பார்கள், சூட்டுக்காற்று மேலே ஏறும்.

லத்தீபுடைய லொறியில்தான் ஏற்றினோம். ஏற்றும்போது அவர் கேட்டார்.

"புகை பிடிக்காதா அண்ணன்?"

"எனக்குத் தெரியும்," என்றேன்.

"நீங்க சொன்னாச் சரி."

மில்லில் என்னோடு வேலை செய்த கூட்டாளி மூடையைத் திறந்து பார்த்தான்.

"என்னகா இது, ஆட்டுப் புழுக்கையா?"

"சொக்கலேட்."

"இதுவா? உமிப்புகை மணக்காதா இதில?"

"உன்ட வீட்டுச் சோறு மணக்குதா?"

"இல்லயே."

"அதுவும் இந்தத் தொட்டியில காய்ஞ்சதுதானே. மூட்டு நெருப்பை."

இரண்டு பேரும் சிரித்தோம். இரண்டு பேருடைய மூக்கும் முப்பது வருஷமாக அந்தப் புகைக்குள்தான் இருந்தது. உமிப்புகை இல்லாத காற்று எப்படி மணக்கும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. அது அப்போது விளங்கவில்லை.

ஒன்றரை நாளில் காய்ந்துவிட்டது. என்ன நிறம். கைக்குள் நெரித்தால் சருகு மிதித்தது போலச் சத்தம். அவ்வளவு வடிவான கொட்டை அதற்கு முன்னம் எங்கள் கொட்டிலில் வந்ததில்லை. தனி மூடையில் கட்டி, மேலே உன்னிச்சை என்று எழுதி, ரீச்சர் வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரீச்சர் வந்ததும் முதல் வேலையாக அந்த மூடையைத்தான் திறந்தார். நிறத்தைப் பார்த்துச் சிரித்தார். கொஞ்சம் வறுத்து, கோது நீக்கி, சின்னக் கல்லில் அரைத்தார். நான் பக்கத்தில் நின்றேன். விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"நீங்க பாருங்க," என்றார்.

நானும் வைத்தேன். எனக்குக் கொக்கோதான் தெரிந்தது.

"புகை அண்ணன். அடுப்புப் புகை. தொண்டைக்குள்ள நிக்குது." பிறகு அவரே சொன்னார்: "மழைக்குப் பயந்து லத்தீப் வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்புக்கு மேல போட்டிருப்பாரோ? பாவம், நாலு வருஷம் பார்த்துக்கொண்டு இருந்தவர்."

நான் தட்டியைப் பார்த்தேன். ஓம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

என் முன்னாலேயே அவருக்குக் கோல் எடுத்தார். மெதுவாகத்தான் பேசினார். "லத்தீப், கொட்டையில புகை ஏறியிருக்கு. இதை வச்சு உறை அடிக்க ஏலாது. உங்கட வீட்டிலயா காய வச்சீங்க?" அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு "சரி ரீச்சர்" என்று மட்டும் கேட்டது. ரீச்சர் போனை வைத்துவிட்டு, "பாவம்" என்று இன்னொரு தரம் சொன்னார்.

முதல் பிழை புகை. இது இரண்டாவது.

நான் பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு நாள் போனது. இன்னொரு நாளும் போனது. அந்த இரண்டு நாளும் உடையாத தட்டியைக் கழற்றித் திரும்பக் கட்டினேன். சொல்ல வேண்டும் என்று இரண்டு தடவை ரீச்சருடைய மேசைவரை போனேன். ஒரு தடவை தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். மற்றத் தடவை, முழங்காலுக்குத் தைலம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் மாத்தளைக் கட்டிகளுக்கு உறை சுற்ற ஆள் காணாது என்று என்னையும் இருத்தினார்கள். சுற்றி, மடித்து, திருப்பி வைக்க வேண்டும். திருப்பினால் மூன்று வரி. உலர்த்தியவர் என்று என் பேர். ஒன்று, இரண்டு, மூன்று. பத்துப் பன்னிரண்டு சுற்றியிருப்பேன். பிறகு கை ஓடவில்லை. எழும்பிப் போனேன்.

"ரீச்சர், உன்னிச்சைக் கொட்டையை நான்தான் மில்லுக்குக் கொண்டுபோனன். உமி எரிச்சுக் காய வச்சன். லத்தீப் ஒண்டும் செய்யல்ல. கேட்டவர், புகை பிடிக்காதா எண்டு. நான்தான் தெரியும் எண்டன்."

ரீச்சர் கையிலிருந்ததை வைத்தார்.

"முந்தாநாள் நான் கோல் எடுக்கக்குள்ள பக்கத்திலதானே நிண்டீங்க."

"ஓம்."

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது என்று இருந்தது. லத்தீபுக்குக் கோல் எடுத்தார். போன் வேலை செய்யவில்லை. கார்த் திறப்பை எடுத்தார்.

"ஏறுங்க."

போகிற வழியில் இரண்டு பக்கமும் வயல் வட்டை முழுக்க வெள்ளம். வரம்பு தெரியவில்லை. இரண்டு இடத்தில் வீதியிலும் தண்ணீர் ஓடியது.  

ஜெமீலா வாசலுக்கு வந்தா. கடைசிக் குழந்தை இடுப்பில்.

"அவர் கொழும்புக்குப் போய்ட்டார் ரீச்சர். நேத்து. கட்டார் மெடிக்கலுக்கு."

ரீச்சர் கதவடியிலேயே நின்றுவிட்டார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். சொல்ல வேண்டியதை நானே சொன்னேன், மில்லிலிருந்து தொடங்கி. ஜெமீலா கேட்டுக்கொண்டு நின்றா. குழந்தையை மற்ற இடுப்புக்கு மாற்றினா.

"தெரியும் அண்ணன். அவர் சொன்னவர்," என்றா. பிறகு, "உள்ளுக்கு வாங்க. மிதிச்சிராதீங்க, பார்த்து," என்றா.

மிதிக்க வேண்டாம் என்று ஏன் சொன்னா என்று உள்ளே போனபிறகுதான் தெரிந்தது. வீடு முழுக்கப் பன்பாய் விரித்துக் கொக்கோக் கொட்டை. விறாந்தையில், அறையில், கட்டிலுக்கு மேலேயும். மேலே விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நான் பசளைக்குப் போடச் சொன்ன முதல் பெட்டி.

"எறிய மனம் வரல்ல," என்றா. "பிள்ளைகளும் நானும் ஒவ்வொண்டாத் துணியால துடைச்சம். ரெண்டு நாள் துடைச்சம். கட்டில்ல கொக்கோ, எனக்குத் தரையா எண்டு அவர் கேட்டார். கொக்கோ குறட்டை விடாது எண்டன்."

ரீச்சர் குனிந்து ஒரு பிடி எடுத்து மணந்து பார்த்தார்.

"புகை இல்லையே. எங்க சமைக்கிறீங்க?"

"பக்கத்து வீட்டில. முதல்நாள் ஒரு பாயைக் குசினிக்குக் கிட்ட விரிச்சன். மறுகா ஒரு கொட்டையை உடைச்சு மணந்தா, பொரிச்ச கருவாடு மணத்தது. அதைப் புறம்பா எடுத்து வச்சிட்டு, அண்டைக்கே சமையலை அங்கால மாத்திட்டன். இந்த எட்டு நாளும் இந்த வீட்டில அடுப்பு மூட்டல்ல."

"அதெல்லாம் எப்படித் தங்கச்சி உனக்குத் தெரியும்?" என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"மூக்கு இரிக்குத்தானே அண்ணன்," என்றா. குத்திச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னா.

ரீச்சர் ஒரு கத்தி கேட்டு வாங்கி, கொட்டைகளை நெடுக்காக வெட்டினார். இருபது முப்பது வெட்டியிருப்பார். உள்ளே நல்ல மண்ணிறம். ஒன்றில் மட்டும்தான் பூஞ்சணம் உள்ளே போயிருந்தது. நான் அன்றைக்கு ஒன்றே ஒன்றை வெட்டிப் பார்த்திருக்கலாம்.

ஒரு பிடியைத் துணியில் கட்டிக்கொண்டு அப்படியே கொட்டிலுக்குப் போய்ப் பார்ப்போம் என்றார் ரீச்சர். ஜெமீலா விடவில்லை. பக்கத்து வீட்டுக் காஸ் அடுப்பில் சட்டி வைத்து அங்கேயே வறுத்தார்கள். அம்மியில் மிளகாய் மணக்கும் என்று புதிதாக வாங்கி வைத்திருந்த சின்ன உரலில் இடித்தார்கள். ரீச்சர் வாயில் வைத்தார். கண்ணை மூடினார். எனக்கும் தந்தார்.

நாவற்பழம் தின்ற வாய் மாதிரி ஒரு துவர்ப்பு. அது போனபிறகு பாலைப்பழம் மாதிரி ஒரு இனிப்பு, மெல்லிசாக. சீனி ஒன்றும் போடவில்லை. மாத்தளையில் அது இல்லை. மொனராகலையிலும் இல்லை.

"இதை ஆர் எறியச் சொன்னது?" என்று ரீச்சர் கேட்டார்.

"நான்," என்றேன். இந்த முறை பிந்தவில்லை.

நாங்கள் நிற்கும்போதே லத்தீப் கொழும்பிலிருந்து மனைவிக்குக் கோல் எடுத்தார். ஜெமீலா விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போனை என்னிடம் தந்தா.

"தம்பி, ரீச்சர் ஓம் எண்டுட்டா. முதல் பெட்டி. நல்லா இருக்கு. ஊருக்குக் கிறுகி வா."

"கையெழுத்து வச்சிட்டன் அண்ணன். நேத்துப் பின்னேரம். பாஸ்போட் இப்ப அவங்கட கையில."

"நான் முந்தாநாளே சொல்லியிருந்தா?"

"விடுங்க."

"சொல்லு."

"முந்தாநாள் எண்டா பஸ் ஏறியிருக்க மாட்டன்." பிறகு சொன்னார்: "ரீச்சர் கேக்கக்குள்ள நான் சொல்லியிருக்கலாம். ரீச்சர் கொட்டையைப் பார்க்கக்குள்ள நீங்க பக்கத்தில நிப்பீங்க எண்டு தெரியும். நீங்க சொல்லுவீங்க எண்டு பார்த்துக்கொண்டு இருந்தன்."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன். அவர்தான் பேசினார்.

"ரெண்டு வருஷம்தானே அண்ணன். மரம் எங்கயும் போகாது. யானைக்கு மட்டும் சொல்லி வைங்க."

பிள்ளைகளே, நான் சொல்ல வந்தது இதுதான். வேலையில் பிழை வரும். கொட்டை போனால் அடுத்த காய்ப்பு இருக்கிறது. புகை பிடித்த மூடையைக்கூடப் பிறகு சவர்க்காரம் செய்கிற ஒருவர் கொழுப்புக்காகக் கொண்டுபோனார். நான் வாய் மூடியிருந்த இரண்டு நாளை மட்டும் யாரும் கொண்டுபோகவில்லை. அந்த இரண்டு நாளுக்குள்தான் ஒரு மனிசன் பஸ் ஏறினார். ரீச்சரிடம் சொன்னால் என்ன நடக்கும் என்று யோசித்தேனே தவிர, சொல்லாவிட்டால் யாருக்கு என்ன நடக்கும் என்று யோசிக்கவில்லை.

உங்கள் மூக்கை மட்டும் நம்ப வேண்டாம். நீங்கள் எதற்குள் கனகாலம் இருந்தீர்களோ அது உங்களுக்கு மணக்காது. இன்னொருவரைக் கூப்பிட்டு மணக்கச் சொல்லுங்கள். அவருக்கு வேலை தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் எடுத்து உன்னிச்சைக்குப் போனேன். கிளை வெட்டினேன், கிடுகு கட்டினேன், வாய்க்கால் தண்ணீர் திருப்பினேன். முழங்கால் பிடித்தவன் எவ்வளவு செய்வான்? அவ்வளவு செய்தேன். ஜெமீலா ஒவ்வொரு முறையும் சோறு தந்துதான் அனுப்புவா. ஒரு நாளும் அந்தக் கதையைத் திரும்ப எடுக்கவில்லை.

லத்தீப் கட்டாருக்குப் போன கையோடு, உன்னிச்சை உறை அடிக்க முதல், ரீச்சர் எழுதிக் கொண்டுவந்து காட்டினார். இடம்: உன்னிச்சை. வளர்த்தவர்: லத்தீப். மூன்றாவது வரியில் என் பேர், எப்போதும் போல.

"இதை வெட்டுங்க ரீச்சர்," என்றேன். "நான் காய வைக்கல்ல."

ரீச்சர் பேனையை என்னிடமே தந்தார். நானே வெட்டி, ஜெமீலா என்று எழுதினேன். என் கையெழுத்து கோணல்தான். பேர் சரியாக இருந்தது. ஜெமீலாவுக்குச் சொன்னபோது, "என்ட பேரா? கடையிலயா?" என்று கேட்டா. பிறகு, "பெரிசாப் போடாதீங்க, சின்னதாப் போடுங்க" என்றா. எல்லா வரியும் ஒரே அளவுதான் என்று ரீச்சர் சொன்னார்.

எத்தனையோ ஆயிரம் உறையில் என் பேர் போயிருக்கும். ஒன்றையும் நான் எடுத்து வைக்கவில்லை. என்னிடம் இருப்பது அந்த ஒரு உறைதான். மா வைக்கும் டப்பாவுக்குக் கீழே மடித்து வைத்திருக்கிறேன்.

முதல் கட்டியைக் கட்டாருக்குப் போகிற ஒருவரிடம் லத்தீபுக்குக் கொடுத்துவிட்டோம். பத்து நாளாக ஒரு சத்தமும் இல்லை. பிறகு ஒரு நாள் மத்தியானம் என் போனில் அவர் பேசி அனுப்பிய குரல் வந்து விழுந்தது. பின்னால் கனபேர் சிரிக்கிற சத்தம்.

"அண்ணன், கிடைச்சிது. இஞ்சத்தைச் சூட்டுக்கு உருகி உறையோட ஒட்டிப் போச்சு. உறையை விரிச்சு நக்கித்தான் தின்டம், ரூமில நாலு பேரும். ஒரு நேபாளக்காரன் பின்பக்கத்து இங்கிலீசை வாசிச்சுப் பார்த்துட்டு, ரெண்டாவது நீ, மூண்டாவது ஆர் எண்டு கேட்டான். பொஞ்சாதி எண்டன். அவன் நம்பல்ல."

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. முடிந்துவிட்டது என்று நினைத்துப் போனைக் கீழே வைக்கப் போனேன். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"புகை இல்ல அண்ணன்."